மற்றதெல்லாம் வழக்கம்போல

காலை பதினொன்றே காலுக்கு ரெக்கார்டு ரூம் தொலைபேசி அடித்தபோது, அகராதி ஒரு பித்தப்பைக் கல்லைப் பாதி தட்டி முடித்திருந்தாள்.

அகராதி அவளுடைய பெயரில்லை. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. பதினோரு வருடமாக அந்த ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சீட்டுகளைத் தட்டுகிறவள் அவள்தான். டாக்டர்கள் கிறுக்கும் இரண்டெழுத்து, மூன்றெழுத்துச் சமாசாரம் எதைக் காட்டினாலும் அதன் முழு வடிவத்தை அப்படியே ஒப்பித்துவிடுவாள். புதிதாக வேலைக்குச் சேரும் நர்சுகள் வார்டில் அர்த்தம் புரியாமல் விழித்துவிட்டு இவளிடம்தான் ஓடி வருவார்கள். அவர்கள் வைத்த பெயர்தான் அது. ஒரு பெண்ணை அகராதி பிடித்தவள் என்றால் நம் பேச்சில் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? தெரியும். இருந்தாலும் அந்தப் பெயரில் அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது.

போனில் பேசியது ஊரின் மறுகோடியிலிருந்த இன்னொரு ஆஸ்பத்திரியின் நர்ஸ்.

"ரெக்கார்டு ரூமா? ஐ.சி.யூ.லேருந்து பேசறேன். மூணு வாரத்துக்கு முன்னாடி உங்ககிட்ட குடலிறக்கம் ஆபரேஷன் பண்ணிக்கிட்டவரு, ஸ்கூல் வேன் ஓட்டறவரு. உங்க சீட்டுல என்.கே.டி.ஏ.ன்னு போட்டிருக்கு. விசாரிச்சுட்டுத்தான் போட்டீங்களா?"

என்.கே.டி.ஏ. என்றால் தெரிந்த மருந்து ஒவ்வாமை ஏதுமில்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

"ஏன் சிஸ்டர், என்னாச்சு?"

"கால்ல ஆணி குத்தி சீழ் வெச்சு நேத்து சாயங்காலம் வந்தாரு. பென்சிலின் ஊசி போட்டோம். ரெண்டே நிமிஷம். முகமெல்லாம் வீங்கி மூச்சு நின்னுருச்சு. இப்ப மெஷின்லதான் மூச்சு விடறாரு. உங்க ஃபைல் முழுசா வேணும். அவரு வீட்டம்மா வந்து வாங்கிக்குவாங்க."

பார்த்து எடுத்து வைக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். அந்த ஒரு வாக்கியம் வரைக்கும் குரல் நன்றாகத்தான் இருந்தது.

இரும்பு அலமாரியின் நான்காவது தட்டில், மூன்று வாரத்துக்கு முந்தைய கட்டில் அந்த ஃபைல் இருந்தது. நின்றபடியே பிரித்தாள். முதல் பக்கம், நோயாளியைச் சேர்க்கும்போது வார்டு நர்ஸ் கையால் எழுதுகிற பக்கம். அதில் சிவப்பு மையில், இரண்டு கோடு அடித்து: பென்சிலின் கூடாது. சிறு வயதில் ஊசி போட்டு உடம்பெல்லாம் தடித்து மயக்கம். தகவல் சொன்னவர்: மனைவி.

அடுத்தடுத்த பக்கங்களைப் புரட்டினாள். ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் வேறு மருந்துதான் போட்டிருந்தார்கள். வார்டில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது. நர்சுக்குத் தெரியும், மயக்க மருந்து டாக்டருக்குத் தெரியும். கடைசிப் பக்கத்தில் இருந்த டைப் அடித்த சீட்டுக்கு மட்டும்தான் தெரியவில்லை. அந்தச் சீட்டு அவள் தட்டியது. ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள்.

இது எப்படி நடந்தது என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவளுடைய ஆஸ்பத்திரியில் ஒரு சர்ஜன் இருக்கிறார், இந்த ஆபரேஷனும் அவர் செய்ததுதான். எக்ஸ்பிரஸ் டாக்டர் என்று பெயர். கையும் வேகம், வாயும் வேகம். ஆபரேஷன் முடித்துக் கை கழுவும்போதே போனில் பேசிப் பதிவு பண்ணி அகராதிக்கு அனுப்பிவிடுவார். "குடலிறக்கம், வலது பக்கம், வலை வெச்சுத் தைச்சாச்சு, ஏழு நாள் கழிச்சு வரணும், மத்ததெல்லாம் வழக்கம்போல." அவ்வளவுதான். அந்தக் கடைசி இரண்டு சொல்லுக்குள் நாடித் துடிப்பு, இதயம், நுரையீரல், வயிறு எல்லாம் அடக்கம். அதையெல்லாம் விரித்து எழுத வேண்டியது டைப் அடிக்கிறவள் பாடு.

நான்கு வருடத்துக்கு முன்னால், வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லப்பட்ட நோயாளிகள், சீட்டுக்காக மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம் என்று காரிடாரில் காத்துக் கிடந்தார்கள். வயிற்றில் தையலோடு ஒரு மனுஷர் பிளாஸ்டிக் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்த அன்றுதான் அகராதிக்கு அந்த யோசனை வந்தது. கம்ப்யூட்டரில் ஒரு சுருக்கு வழி போட்டாள். 'வ' என்று இரண்டு முறை தட்டினால் போதும், எட்டு வரி தானாக வந்து விழும். நாடி சீர். இதய ஒலி சீர். நுரையீரல் தெளிவு. இப்படியே போய், ஆறாவது வரி என்.கே.டி.ஏ.

அந்த எட்டு வரியை அவள் கற்பனையாக எழுதவில்லை. அன்று மேஜையில் கிடந்த ஒரு சீட்டிலிருந்து அப்படியே எடுத்தாள். குடல்வால் ஆபரேஷனுக்கு வந்த ஓர் இளைஞனுடையது. கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயது, ஒரு குறையும் இல்லாத உடம்பு. அவனைப் பொறுத்தவரை எட்டு வரியும் சத்தியம். அவனுடைய இதயத்தையும் நுரையீரலையும் ஆறாவது வரியையும் நான்கு வருடமாக ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள் அகராதி.

முதல் மாதம் ஒவ்வொரு ஃபைலையும் திறந்து வரிக்கு வரி ஒப்பிட்டாள், அதையும் சொல்லியாக வேண்டும். பிறகு கை பழகிவிட்டது. டாக்டரும் பேனாவைத் திறந்தவுடன் கீழே கையெழுத்துப் போட்டுப் பழகிவிட்டார். ஒரு மணி நேரத்தில் சீட்டு ரெடி என்று மீட்டிங்கில் எல்லோரும் கை தட்டினார்கள். அன்று வீட்டுக்குப் போய் கணவனிடம் அதை மூன்று தடவை சொன்னாள்.

முதலில் எக்ஸ்பிரஸ் டாக்டருக்குப் போன் போட்டாள். அவர் முழுவதும் கேட்டார்.

"நான் 'வழக்கம்போல'ன்னுதானேம்மா சொன்னேன்? அதுக்குள்ள என்ன இருக்குன்னு வெச்சது நீங்கதானே?" என்றார். பிறகு, "தியேட்டர்ல கேஸ் இருக்கு" என்று வைத்துவிட்டார்.

அவர் சொன்னது பொய்யில்லை. அதனால்தான் அது சுருக்கென்று தைத்தது.

மேனேஜர் இரண்டு அறை தள்ளி இருந்தார். செய்தி அவருக்கு எப்படிப் போயிற்றோ, ஐந்து நிமிடத்தில் வந்து கதவைச் சாத்திக்கொண்டு நின்றார். கெட்ட மனிதர் இல்லை. பதறிப் போன மனிதர்.

"இங்க பாருங்கம்மா, பதறாதீங்க. கம்ப்யூட்டர்ல அந்த ஒரு வரிய மாத்திடுங்க. மாத்தி ஒரு பிரிண்ட் எடுத்து ஃபைல்ல வெச்சிடுங்க. அவங்க கையில இருக்கறது திருத்தாத காப்பி, அவசரத்துல மாறிப் போச்சுன்னு சொல்லிக்கலாம்."

"சார், அந்த ஆளு மெஷின்ல கெடக்காரு."

"நீங்க இந்த வரிய மாத்தலேன்னா எந்திரிச்சிடுவாரா? டாக்டர் அதச் சொல்லல. நீங்களும் யோசிச்சு எழுதல. அதுவா வந்து விழுந்துச்சு. இதுல யாரப் போய்க் குத்தம் சொல்றது? உங்க வேலை போகும், டாக்டர் பேரு கெடும், ஆஸ்பத்திரி கோர்ட்டுக்கு அலையும். மாத்துங்க."

வேலை போகும் என்ற இடத்தில் அவள் மனம் தடுக்கி நின்றது. நாற்பத்து மூன்று வயது. தட்டுவதைத் தவிர வேறொன்றும் தெரியாது. கணவன் முதுகு வலியோடு வீட்டில் இருக்கிறான். அவள் ஆறாவது வரியை அழித்தாள். அந்த இடத்தில் 'பென்சிலின் ஒவ்வாமை உண்டு' என்று தட்டினாள். பிரிண்டர் ஒரு தாளைத் துப்பியது. அதை ஃபைலில் வைத்து, பழையதை எடுத்து மேஜை டிராயருக்குள் போட்டாள். ஆமாம், செய்தாள். அவளை நல்லவளாகக் காட்டுவதற்காக இதை மறைத்துப் பயனில்லை.

வேன் டிரைவரின் மனைவி ஒன்றரை மணிக்கு வந்தாள். வீட்டிலேயே மெஷின் போட்டுத் துணி தைக்கிறவள். தாலுகா அலுவலகம் போனாலும் ஆஸ்பத்திரிக்கு வந்தாலும் கையில் அளவு நோட்டு இருக்கும். மூன்று வாரத்துக்கு முன்னால் சீட்டு வாங்க வந்தபோதும் அது இருந்தது. அகராதிக்கு அவளை நன்றாக நினைவிருந்தது. ஏனென்றால் அன்று அவள் ஜன்னலுக்குப் பக்கத்தில் அரைமணி நேரம் நின்று, சுவரில் இருந்த பட்டியலைக் காப்பி பண்ணிக்கொண்டு போனாள்.

அந்தப் பட்டியல் அகராதியின் இன்னொரு பெருமை. 'சுருக்கமும் பொருளும்' என்று தலைப்புப் போட்டு, பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியிருந்தாள். ஓ.டி. என்றால் தினம் ஒரு வேளை. பி.டி. என்றால் இரண்டு வேளை. எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும். என்.பி.எம். என்றால் வாய்வழியாக எதுவும் கூடாது. நாற்பது வரி. சீட்டைக் கையில் வாங்கித் திருதிருவென்று விழிக்கிற சனங்களுக்காக அவளே உட்கார்ந்து தமிழில் எழுதியது. யாரும் கேட்டு எழுதவில்லை.

இன்று அந்தப் பெண் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரவெல்லாம் அழுத முகம். கண்ணிமை தடித்திருந்தது.

"ஃபைல் வாங்கிட்டு வரச் சொன்னாங்க, அக்கா."

"உள்ள வந்து உக்காரும்மா. இப்ப எப்படி இருக்காரு?"

"நாளைக்குத்தான் சொல்ல முடியும்ங்கறாங்க." உட்கார்ந்தவள் நோட்டை மடியில் வைத்துக்கொண்டாள். மேனேஜர் அலமாரிப் பக்கம் எதையோ தேடுவதுபோல நின்றார். அகராதி ஃபைலை நீட்டினாள். வாங்கியிருந்தால் அதோடு போயிருப்பாள். அவள் வாங்கவில்லை.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லட்டுமா? வேற யார்கிட்டயும் சொல்ல முடியல. அவர நான்தான்க்கா இப்படி ஆக்கிட்டேன்."

"என்னம்மா சொல்றே?"

"நேத்து அந்த ஆஸ்பத்திரி டாக்டர் கேட்டாருக்கா. ஏதாவது ஊசி ஒத்துக்காதான்னு என்னைத்தான் கேட்டாரு. அவரு வலியில கத்திக்கிட்டு இருந்தாரு. நான் சொல்லலாம்னு வாயத் தொறந்தேன். சின்ன வயசுல பென்சிலின் ஊசி போட்டு அவருக்கு ஏதோ ஆச்சுன்னு என் மாமியார் சொல்வாங்க. அதுக்குள்ள டாக்டர் சீட்டக் கையில வாங்கிட்டாரு. நான்தான் உங்க பட்டியல எழுதி வெச்சிருக்கேனே." நோட்டைத் திறந்து காட்டினாள். மார்பளவு, தோளளவு, கை நீளம் என்று எண்களாக நிறைந்த பக்கங்களுக்கு நடுவில், நெருக்கி நெருக்கி எழுதிய நாற்பது வரி. இருபத்து மூன்றாவது வரியின் மேல் அவள் விரல் நின்றது. "என்.கே.டி.ஏ., மருந்து ஒவ்வாமை ஏதுமில்லை. அன்னிக்கே வீட்டுக்குப் போய்ப் படிச்சுப் பாத்துட்டேன். சரி, பெரிய ஆஸ்பத்திரி, ரத்தமெல்லாம் எடுத்தாங்க, டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டுத்தான் இல்லைன்னு எழுதியிருப்பாங்க, மாமியார் சொன்னது எந்தக் காலத்துக் கதையோன்னு நெனச்சுக்கிட்டேன். படிச்சவங்க எழுதினதுக்கு மேல தைக்கிறவ என்ன சொல்றதுன்னு வாய மூடிக்கிட்டேன். மூடிக்கிட்டேன்க்கா."

அகராதியால் அந்த நோட்டிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. பட்டியல் இல்லாமல் இருந்திருந்தால் இந்தப் பெண்ணுக்கு அந்த நான்கு எழுத்து விளங்கியே இருக்காது. விளங்காமல் இருந்திருந்தால் வாயைத் திறந்திருப்பாள். தப்பையும் எழுதி, அதை நம்புவதற்கு வழியையும் எழுதிக் கொடுத்தவள் ஒருத்திதான்.

"என் நாத்தனாருக்குத் தெரிஞ்சுபோச்சு. ஐ.சி.யூ. வாசல்ல வெச்சு, தெரிஞ்சே என் தம்பியக் கொன்னுட்டியேன்னு எல்லார் முன்னாடியும் கேட்டாங்க. நான் என்னக்கா பதில் சொல்ல? சரிதானே அவங்க கேட்டது?"

மேனேஜர் தொண்டையைக் கனைத்தார். "ஃபைல எடுத்துக்கிட்டுக் கெளம்புங்கம்மா. அங்க அவசரமா கேப்பாங்க."

அகராதி டிராயரைத் திறந்து பழைய சீட்டை எடுத்து ஃபைலில் திரும்ப வைத்தாள். ஃபைலில் இருந்த புதுத் தாளை உருவிக் கிழித்தாள். நான்காகக் கிழித்தாள். "அம்மா, என்ன பண்றீங்க?" என்று மேனேஜர் கிட்டே வந்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

"இங்க பாரும்மா. இந்த என்.கே.டி.ஏ.வ எந்த டாக்டரும் சொல்லல. யாரும் டெஸ்ட் பண்ணல. நான் கம்ப்யூட்டர்ல ரெண்டு எழுத்துத் தட்டுவேன், எட்டு வரி அதுவா வந்து விழும். எல்லாருக்கும் அதே எட்டு வரி. உங்க வீட்டுக்காரருக்கும் அதான் விழுந்துச்சு. நான் ஃபைலத் தொறந்து பாக்கல."

அந்தப் பெண்ணுக்கு உடனே புரியவில்லை. "அப்ப டெஸ்ட் பண்ணலையா?"

"இல்ல."

"ஆனா சேக்கும்போது ஒரு நர்சம்மா கேட்டாங்களே. நான் சொன்ன மாதிரி ஞாபகம். அப்புறம் சீட்டப் பாத்ததும், சொன்னேனா இல்லையான்னே கொழப்பமாயிடுச்சு."

"சொன்னே. இதோ பாரு." முதல் பக்கத்தைத் திருப்பி அவள் முன்னால் வைத்தாள்.

சிவப்பு மை எழுத்தின் மேல் விரலை வைத்து, தையல்காரி ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். தகவல் சொன்னவர் என்ற இடத்துக்கு வந்ததும் நின்றாள். மனைவி என்ற அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பத் தடவினாள். "நான் சொல்லியிருக்கேன்" என்றாள். "நான் சொல்லியிருக்கேன்லக்கா?" அதன் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. அகராதிக்கு அவள் தோளைத் தொட வேண்டும்போல இருந்தது. தொடுகிற யோக்கியதை தனக்கு இல்லை என்று கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண் முகத்தைத் துடைத்துக்கொண்டு நோட்டைப் பிரித்தாள். பட்டியல் எழுதியிருந்த இரண்டு தாளையும் தைத்த இடத்தோடு கிழித்து எடுத்து மேஜையில் வைத்தாள். பிறகு வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திருப்பிப் பேனாவையும் நீட்டினாள்.

"இப்ப சொன்னத இதுல எழுதுங்க. நாத்தனாருக்குக் காட்டணும். மெஷின்ல வேணாம், கையால எழுதுங்க."

"எழுதறேன்."

"சுருக்கி எழுதாதீங்கக்கா. முழுசா எழுதுங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூட அகராதி தாங்கிக்கொண்டிருப்பாள். அந்தப் பெண் அதைத் தையல் அளவு சொல்கிற குரலில்தான் சொன்னாள். பதினோரு வருடமாகத் தட்டித் தட்டி அகராதியின் கையெழுத்து கோணிப் போயிருந்தது. நடந்ததை வரிசையாக எழுதினாள். எட்டு வரி எங்கிருந்து எடுத்தது, யார் கேட்கவில்லை, யார் பார்க்கவில்லை, மனைவி முதல் நாளே சொன்னது, அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது, இன்று தாளை மாற்றி வைத்தது, எல்லாம் எழுதினாள். ஒன்றரைப் பக்கம் வந்தது. கீழே தன்னுடைய முழுப் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மேனேஜர் இடையில் வெளியே போய்விட்டிருந்தார். யாருக்கோ போனில் பேசுகிற சத்தம் காரிடாரில் கேட்டது.

தையல்காரி ஃபைலையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு எழுந்தாள். கதவருகே போனவள் திரும்பினாள்.

"எல்லாருக்கும் அதே எட்டு வரின்னீங்களே. எத்தனை பேருக்கு?"

அந்தப் பெண் பதிலுக்கு நிற்கவில்லை. அவளுக்கு ஐ.சி.யூ. வாசலுக்குப் போகும் அவசரம்.

அவள் போன பிறகு அகராதி கம்ப்யூட்டரில் அந்த நான்கு எழுத்தைக் கொடுத்துத் தேடினாள். நாலாயிரத்து முந்நூற்றுச் சொச்சம் சீட்டு. சுருக்கு வழியை அழித்தாள். ஜன்னல் பக்கம் போய்ப் பட்டியலைச் சுவரிலிருந்து உரித்தாள். பசை பலமாக இருந்தது, சுண்ணாம்போடு பெயர்ந்து வந்தது. பிறகு அலமாரியின் முதல் கட்டை இறக்கி, முதல் ஃபைலில் இருந்த நம்பருக்குப் போன் போட்டாள். நாளைக்கு இந்த நாற்காலி இருக்குமோ இருக்காதோ, இன்று இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

ஒரு வயதானவர் எடுத்தார். சிறுநீரகக் கல், நான்கு வருடத்துக்கு முன்னால். ஆஸ்பத்திரி என்றதும் அவர் குரலில் மரியாதை ஏறியது.

"ஐயா, உங்களுக்கு ஏதாவது மருந்து, ஊசி ஒத்துக்காம போயிருக்கா? அதக் கேக்கத்தான் கூப்பிட்டேன்."

"ஒரு நிமிஷம் இரும்மா" என்றார் அவர். "நீங்க குடுத்த சீட்டு பத்திரமா வெச்சிருக்கேன், உங்க சுவத்துப் பட்டியலப் பாத்து அர்த்தமும் பக்கத்துல எழுதி வெச்சிருக்கேன். எடுத்துப் பாத்துச் சொல்றேன்."

பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. பிளாஸ்டிக் பை சரசரத்தது. அகராதி வேண்டாம் ஐயா, வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் போனைக் கீழே வைத்துவிட்டுப் போயிருந்தார். திரும்பி வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நிதானமாகப் படித்தார்.

"எனக்கு அப்படி எதுவும் இல்லம்மா" என்றார் நிம்மதியாக. "இதுல போட்டிருக்கு."